விதைப்புத் திகதியைத் தீர்மானிப்பது யார்? கன்னக் கூட்டமும் பயிர்க் காப்புறுதியும்

திருகோணமலை மாவட்டத்தில் குளத்து நீரை நம்பி நெல் செய்பவர், மழையைப் பார்த்துத் தன் விருப்பப்படி விதைத்துவிட முடியாது. கந்தளாய்க் குளம் போன்ற பெரிய குளங்களின் கீழ் முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்க வேண்டிய நாள், இறுதி நீர் விடும் நாள், எத்தனை மாத நெல்லினம் என்பன யாவும், போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் கன்னக் கூட்டத்திலேயே முடிவாகின்றன. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி, அங்கு பெரும்பான்மையினர் எடுக்கும் தீர்மானம் கூட்டத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்தும். 80 ஹெக்டயருக்குக் குறைவான பரப்புக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன.

கூட்டத்தில் பெரும்பாலும் இழுபறிப்படுவது விதைப்புத் திகதிதான். மகாவலி வெள்ளம் வெருகல் ஆற்றால் இறங்கும் மூதூர், வெருகல் பக்கத்துப் பள்ளக் காணிக்காரர், கார்த்திகை வெள்ளம் வருமுன் பயிர் உயர்ந்து நிற்க வேண்டுமென்று முந்தி விதைக்கக் கேட்பார். மேட்டுக் காணிக்காரரோ, குளத்தில் நீர் சேரட்டும் என்பார். இரண்டும் நியாயமே. விதைத்த முதல் வாரத்தில் வயல் மூழ்கினால் முளை அழுகும். பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் கதிர் மணி பிடிக்காமல் சப்பியாகும். ஆகவே அனுபவசாலிகள் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். நவம்பர் 10இல் விதைத்த மூன்றரை மாத நெல் பெப்ரவரி 23 அளவில் அறுவடைக்கு வரும். மழையால் விதைப்பு நவம்பர் 25 வரை தள்ளிப்போனாலும், பிஜி 300 போன்ற மூன்று மாத நெல்லை விதைத்தால் ஏறத்தாழ அதே நாளில் வெட்டலாம். எனவே விதைநெல்லை முழுவதும் ஒரே வயதில் வாங்கி வைப்பது புத்தியல்ல.

வரண்ட காலத்துச் சிறுபோகத்தில் இங்கு மழையை எண்ணவே கூடாது, குளத்தில் இருப்பதே கணக்கு. நீர் போதாதபோது பெத்ம முறையில், குளத்தை அண்டிய வயல்களை மட்டும் செய்கைக்கு விட்டு எல்லாப் பங்காளருக்கும் பிரித்துக்கொள்வர்.

இவ்வளவுக்குப் பின்னும் பயிர் அழிந்தால், கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் இழப்பீடு இருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கும் ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபாய் என்பதே அளவாக இருந்தது. வெள்ளம், வரட்சி, காட்டு யானை ஆகிய மூன்றாலும் ஏற்படும் சேதம் இதில் அடங்கும். 40,000 என்பது அப்போதைய உச்சமே. சேதம் மதிப்பிடப்பட்ட அளவுக்குத்தான் பணம் கிடைக்கும். கன்னக் கூட்டத் தீர்மானத்துக்குப் புறம்பாக, அனுமதியின்றிச் செய்த வயலுக்கு இழப்பீட்டை எதிர்பார்ப்பது வீண்.

வயல் மூழ்கியவுடன், நீர் வடியும்வரை காத்திராமல், உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். மறுவிதைப்புக்கு நாள் போகிறதே என்று அவசரப்பட்டு, அதிகாரி வந்து பார்க்குமுன் உழவு இயந்திரத்தை இறக்கிவிட்டால், அழிந்தது எவ்வளவு என்று காட்ட வயலில் எதுவும் மிஞ்சாது.