அவுட்சைடர்: ஊரிலே வளர்ந்தும் ஊரார் ஆகாதவர்

‘அவுட்சைடர்’ என்ற சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் இப்போது தயக்கமின்றி நடமாடுகிறது. அரசியலுக்குப் புதிதாக வந்தவர், சொந்தபந்தம் யாரும் இல்லாமல் திரைத்துறையில் நுழைந்தவர், யாரும் பணம் கட்டத் துணியாத பந்தயக் குதிரை என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். இங்கே நான் எடுத்துக்கொள்வது அதன் ஒரு பொருளை மட்டும். சிறிய ஊர் ஒன்றில் பிள்ளையாக வளர்கிறார் ஒருவர். அங்குள்ள தெருக்களெல்லாம் அவருக்குத் தெரியும், அங்குள்ளவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். இருந்தும் ‘நம் ஊர்க்காரர்’ என்று அவரை யாரும் நினைப்பதில்லை. இவருக்குத் தமிழில் என்ன பெயர்? பலரும் ‘வெளியாள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது இவருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

ஆங்கிலச் சொல்லுக்கே வயது அதிகமில்லை. ‘வெளிப்பக்கம்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து ஆளைக் குறிக்கும் இந்த வடிவம் பிறந்தது 1800 வாக்கில்தான் பதிவாகிறது. சிறிது காலத்தில் குதிரைப் பந்தயக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சமூகத்தோடு ஒட்டாமல் நிற்பவர் என்ற இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல் இங்கிலாந்தில் ‘அவுட்சைடர்’ என்றும் அமெரிக்காவில் ‘ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் பெயர் பெற்றது. தமிழில் அது ‘அந்நியன்’. வேறு, மற்றது என்று பொருள்படும் வடமொழி ‘அந்ய’ அதன் வேர். அந்த நாவலின் நாயகனுக்கு அது சரியான பெயர், அவன் மனத்தாலேயே வேறாகிப்போனவன். நாம் பேசும் பிள்ளையோ மனத்தால் ஊரோடு ஒட்டத்தான் பார்க்கிறது. கோடு கிழிப்பது ஊர்.

அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்தால்தான் ‘வெளியாள்’ ஏன் பொருந்தவில்லை என்பது புரியும். பெருநகரத்தில் பெரும்பாலோர் பெரும்பாலோருக்குத் தெரியாதவர்கள். அங்கே வெளியாள் என்ற சொல்லுக்கு வேலை குறைவு. சிறிய ஊரில் ஒரு பிள்ளையை அடையாளம் காண்பது ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வியால். கேட்பவர் எதிர்பார்ப்பது ஏதோ ஒரு பெயரை அன்று, தமக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரை. குடிவந்த குடும்பத்தின் பிள்ளை ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னாலும் அந்தப் பதில் எதிரே நிற்பவரின் நினைவில் எந்த முடிச்சிலும் போய் மாட்டுவதில்லை. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் அதே பள்ளியில் எந்த வகுப்பில் கோட்டைவிட்டார்கள் என்பது வரைக்கும் அங்கே ஆளுக்கு ஆள் தெரியும். இந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு அந்த ஊரில் குழந்தைப் பருவமே கிடையாது. பழைய வெள்ளம், பழைய சண்டை, யாரோ ஒரு பெரியவரின் பட்டப்பெயர் என்று ஊரின் பேச்சு முழுவதும் இந்தப் பிள்ளை இல்லாத காலத்தின் மேல் நிற்கிறது. கூட்டத்தில் சிரிப்பு எழும்போது இதுவும் சேர்ந்து சிரிக்கும். எதற்காகச் சிரித்தோம் என்பதைப் பிறகு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

ஆனால் இந்தப் பிள்ளை கண்ணில் படாதது அன்று. ஊரில் வேறு யாரையும்விட அதிகமாகக் கண்ணில் படுவதும் இதுதான். எங்கே நின்றது, யாரோடு பேசியது என்பது மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். வெளியே நிற்பவருக்கு இப்படியொரு கவனிப்பு கிடைக்காது. ஊருக்கு உள்ளே, நட்ட நடுவில் இருப்பவரை வெளியாள் என்பது எப்படி?

மற்ற இடங்களின் சிற்றூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். அயர்லாந்தில் ‘ப்ளோ-இன்’, காற்றில் அடித்து வரப்பட்டவர். அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் ‘வாஷ்-அஷோர்’, அலை கொண்டுவந்து கரையில் போட்டவர். மெய்ன் மாநிலத்தில் ‘ஃப்ரம் அவே’, அதாவது தூரத்திலிருந்து வந்தவர். ஜப்பானியரின் ‘யோசோமோனோ’வும் வேறிடத்து ஆள் என்பதைத்தான் சொல்கிறது. முதல் மூன்றிலும் ஒரு வருகை ஒளிந்திருக்கிறது, நான்காவது ‘இங்கே அன்று’ என்கிறது. வந்தவர்கள் பெற்றோர், அங்கேயே பிறந்த பிள்ளை எந்தக் காற்றில் வந்தது? மெய்ன்காரர்களிடம் இதற்கும் பதில் இருக்கிறது: “பூனை அடுப்புக்குள் குட்டி போட்டால் குட்டிகள் பிஸ்கட் ஆகிவிடுமா?” வேடிக்கையாகச் சொல்வதுதான். கேட்கும் பிள்ளைக்கு அதில் எவ்வளவு வேடிக்கை இருக்கும் என்பது வேறு விஷயம்.

தமிழில் ‘வந்தேறி’ இந்த இனத்தைச் சேர்ந்தது. இன்று அது ஏறக்குறைய வசைச்சொல். ஒருவரை நோக்கி எறியலாமே தவிர, ஒருவர் தம்மைப் பற்றி அமைதியாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அதற்குக் கண்ணியமான ஒரு பழைய வாழ்க்கை உண்டு. வைணவ ஆசாரியர்களின் தத்துவ நூல்களில், உயிருக்கு இயல்பாக அமையாமல் இடையில் வந்து ஒட்டிக்கொண்ட தன்மைக்கு ‘வந்தேறி’ என்று பெயர். அந்தக் கணக்கில் பார்த்தால், ஊரிலே வளர்ந்த பிள்ளைமீது ஊரார் ஒட்டிய ‘வேற்றாள்’ என்ற முத்திரைதான் வந்தேறி.

பரதேசிக்கும் இதே கதி நேர்ந்தது. பிற தேசத்தவர் என்ற பொருளில் தொடங்கிய வடசொல் தமிழில் பிச்சைக்காரராகி, பிறகு திட்டாகி நின்றுவிட்டது.

இன்னும் பின்னே போனால் சங்கப் பாடல்களில் ‘வம்பலர்’ வருகிறார்கள். பாலை நிலத்து வழிகளில் நடக்கும் புதியவர்கள், வழிப்பறிக்காரர் அம்புக்கு இரையாகிறவர்கள். வம்பு என்றால் அங்கே புதுமை. மாமூலனார் அகநானூற்று 251ஆம் பாட்டில் மோரியரை, அதாவது மௌரியரை, ‘வம்ப மோரியர்’ என்கிறார். புதிதாக வந்த மோரியர். தொல்காப்பிய உரியியல் வம்புக்கு நிலையின்மை என்று பொருள் சொல்கிறது. புதிதாக வந்தது நிலைக்காது என்ற எண்ணம் அப்போதே சொல்லுக்குள் நுழைந்திருக்கிறது. இன்றைக்கு வம்பு என்றால் என்ன? வீண் சண்டை, ஊர்ப்பேச்சு.

இதே புதுமையைக் குறித்த இன்னொரு சொல் ‘விருந்து’. தொல்காப்பியச் செய்யுளியலில் புதிதாக யாக்கப்படும் செய்யுளுக்கு விருந்து என்று பெயர். பிறகு அது வீட்டுக்கு வரும் புதியவரைக் குறித்து, அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. ஆக, புதுமையைக் குறித்த இரண்டு சொற்களில் ஒன்று வரவேற்பாக முடிந்தது, மற்றொன்று தகராறாக முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன வேறுபாடு என்று யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது: விருந்தினர் திரும்பிப் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறிய ஊருக்குக் குடிவரும் குடும்பத்தை முதல் மாதத்தில் விருந்தாகப் பார்க்கும் அதே கண்கள், அது போகப்போவதில்லை என்று தெரிந்ததும் மாறுகின்றன.

வம்பு ஊர்ப்பேச்சான விதத்துக்கு எதிர்பாராத ஓர் உரை எழுதியவர்கள் நார்பர்ட் எலியாஸ், ஜான் ஸ்காட்சன் என்ற சமூகவியலர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரருகே ஒரு சிறிய குடியிருப்பை அவர்கள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார்கள். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘வின்ஸ்டன் பார்வா’ என்று பெயரிட்டார்கள். அங்கே இரண்டு தொழிலாளர் பகுதிகள். ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மாதிரி வேலை, ஏறக்குறைய ஒரே வருமானம். ஒரு பகுதியினர் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள், மற்றவர்கள் பிறகு வந்தவர்கள். வேறுபாடு அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. பழையவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் அவர்களுக்குள் பேச்சு வேகமாகப் பரவியது; தங்களைப் பற்றிப் புகழாகவும் வந்தவர்களைப் பற்றிப் பழியாகவும் பரவியது. தங்களை அளக்கத் தங்களில் மிகச் சிறந்த சிலரையும், எதிர்ப்பக்கத்தை அளக்க அங்கே மிக மோசமான சிலரையும் எடுத்துக்கொண்டார்கள். புதிய பகுதியில் சில குடும்பத்துப் பிள்ளைகள் குற்றங்களில் மாட்டியதுண்டு. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே குற்றங்களில் இரண்டு பகுதிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் ‘அந்தப் பகுதிப் பிள்ளைகள்’ என்ற பேச்சு மறையவில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் தங்களைப் பற்றிய வம்பைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். எலியாஸ் தாமே நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

பழந்தமிழில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ‘ஏதிலார்’ தொடர்பு எதுவும் இல்லாதவர். திருக்குறள் அதைத் தம்மவர் என்று பொருள்படும் ‘தமர்’ என்பதற்கு எதிராக நிறுத்துகிறது: பேதையின் செல்வத்தை ஏதிலார் ஆர, தமர் பசிப்பர் (837). காமத்துப்பாலில் இன்னும் நுட்பமான இடம் ஒன்று வருகிறது. காதலர்கள் பிறர் முன்னால் ‘ஏதிலார் போலப் பொதுநோக்கு’ நோக்குவார்களாம் (1099). தொடர்பில்லாதவரைப் பார்ப்பது பொதுநோக்கு, எவரிடத்தும் நிற்காமல் கடந்துபோகும் பார்வை. சிறிய ஊரில் அயற்பிள்ளைக்கு அந்தப் பொதுநோக்கு கிடைக்காது, அதன்மேல் பார்வை நின்றுதான் போகும். ஆகவே ஏதிலாரும் பொருந்தவில்லை. மற்றது ‘நொதுமலர்’. பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என்று மூன்று பகுதியாகப் பிரிக்கும்போது நடுவில் நிற்பது அது. பகைவருமில்லை, நண்பருமில்லை. கருத்து அருமையானது, ஆனால் இன்று அந்தச் சொல்லை எழுதினால் அடிக்குறிப்பும் எழுத வேண்டும்.

இந்த நடுநிலையைப் பற்றித்தான் ஜெர்மானியச் சிந்தனையாளர் கெயார்க் சிம்மல் 1908இல் சில பக்கங்கள் எழுதினார். அவர் பேசுவது இன்று வந்து நாளை போகும் வழிப்போக்கரைப் பற்றி அன்று. இன்று வந்து நாளையும் தங்கிவிடுபவரைப் பற்றி. அப்படிப்பட்டவரிடம் அருகாமையும் தொலைவும் ஒன்றாக இருக்கின்றன என்பது அவர் கண்டது. உள்ளே இருக்கிறார், ஆனால் வேரோடு இல்லை. அதனால் ஊர்ச் சண்டைகளில் சாயாமல் பார்க்க முடிகிறது. இத்தாலிய நகரங்கள் ஒரு காலத்தில் தங்கள் நீதிபதிகளை வெளியூரிலிருந்து வரவழைத்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். நெருங்கியவர்களிடம் மறைப்பதையெல்லாம் மக்கள் இவரிடம் கொட்டுவார்கள் என்றும் சொல்கிறார். சிறிய ஊரில் அயலாக வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வகுப்பில் எல்லோருடைய இரகசியமும் வந்து சேருமிடம் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். சொல்வதற்கு அதற்குச் சித்தப்பா, பெரியம்மா என்று ஊரில் யாரும் இல்லையே! சிம்மல் பெர்லினின் நடுவில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். முழுநிலைப் பேராசிரியர் பதவி 1914இல்தான் கிடைத்தது, அதுவும் ஸ்ட்ராஸ்பர்க்கில். யூத மரபினர் என்பது அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

பெர்லினில் அவருடைய வகுப்புகளைக் கேட்ட அமெரிக்கர் ராபர்ட் பார்க் 1928இல் இதை ‘விளிம்பு மனிதர்’ என்ற கருத்தாக வளர்த்தார். இரண்டு உலகங்களின் ஓரத்தில் நிற்பவர் என்று பொருள். தமிழில் ‘விளிம்புநிலை’ ஒடுக்கப்பட்டோருக்கான சொல்லாக நிலைத்துவிட்டது. அந்தப் பயன்பாட்டைக் கலைக்க வேண்டாம்.

அருகாமையும் தொலைவும் ஒரே ஆளிடம் என்று சிம்மல் சில பக்கங்களில் விளக்கியது தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ‘அயல்’ என்றால் பக்கம்; அயல் என்றால் பிறிது. குறுந்தொகை 201ஆம் பாட்டில் நல்ல செய்தி சொன்ன ‘அயலில் ஆட்டி’ அமிழ்தம் உண்ணட்டும் என்று தலைவி வாழ்த்துகிறாள். அயலில் என்பது பக்கத்து வீடு. மலையாளத்தில் ‘அயல்க்காரன்’ இன்றும் அண்டைவீட்டுக்காரன்தான். ஈழத்துத் தமிழில் ‘அயலவர்’ வந்து உதவினார்கள் என்றால் அக்கம்பக்கத்தினர் வந்தார்கள் என்று பொருள். தமிழ்நாட்டிலோ அயல்நாடு, அயலகம் என்று அந்தச் சொல் கடல் கடந்துவிட்டது. அடுத்த சுவரிலிருந்து அடுத்த கண்டம்வரை நீளும் இந்தச் சொல்லில் மாறாதது ஒன்றே: அருகில் இருந்தாலும் நம்மவர் வட்டத்தில் இல்லை.

இந்த இடத்தில் கணியன் பூங்குன்றனாரை அழைப்பது வழக்கம். எல்லா ஊரும் நம் ஊர் என்ற அவர் பெயரிலேயே ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

எனவே என் பரிந்துரை ‘அயலார்’. ஒருமையில் அயலான், அயலாள். வருகையைச் சொல்லவில்லை, ஆகவே அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் பொருந்தும். வசை ஏறவில்லை, ஆகவே ஒருவர் தம்மைப் பற்றியே எழுதிக்கொள்ளலாம்: “அந்த ஊரில் அயலாளாக வளர்ந்தேன்” என்ற வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு வேண்டாம். அரசியலிலும் திரைத்துறையிலும் புதிதாக நுழைபவருக்கு ‘வெளியாள்’ போதும். அவர் உண்மையிலேயே வாசலுக்கு வெளியே நிற்பவர். பந்தயக் குதிரைக்கு ‘எதிர்பாராத குதிரை’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். ஈழத்து வாசகர்களும் படிக்கும் எழுத்தில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். தனியாக ‘அயலார்’ என்றால் அவர்கள் அண்டைவீட்டாரையே நினைப்பார்கள். அங்கே ‘ஊருக்கு அயலானவர்’ என்று ஊரையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பமில்லை.