ஃபர்ம்வேர் – நிலைபொருள்

பழைய காரின் வழிகாட்டித் திரை அடிக்கடி உறைந்து நின்றாலோ, பாட்டு விட்டு விட்டுக் கேட்டாலோ, மதுரையில் கார் செட் கடைக்காரர் “சாஃப்ட்வேர் போட்டா சரியாயிரும்ணே” என்பார். அவர் போடப்போவதன் சரியான பெயர் ஃபர்ம்வேர்.

இதில் உள்ள ‘ஃபர்ம்’ நிறுவனத்தைக் குறிப்பதல்ல. உறுதியான, அசையாத என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபிர்முஸ்’ வழி வந்தது. ‘வேர்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் சரக்கு. ஹார்டுவேர்ஸ் என்று பலகை மாட்டிய கடையில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்பது அதனால்தான். 1967இல் ஆஷர் ஓப்ளர் ‘டேட்டாமேஷன்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஃபர்ம்வேர் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். கணினிச் செயலியை உள்ளிருந்து இயக்கும் நுண்கட்டளைகளையே அவர் அப்படிக் குறித்தார். அப்புறம் பொருள் விரிந்து, ஒரு கருவிக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் நிரல் எல்லாமே ஃபர்ம்வேர் ஆயிற்று.

தமிழில் வன்பொருள், மென்பொருள் என்ற வரிசையில் இதற்கு நிலைபொருள் என்ற சொல் வழங்குகிறது. சிலர் ‘நிலைப்பொருள்’ என்று ஒற்று மிகுத்து எழுதுகிறார்கள். ஒற்று இல்லாத வடிவமே எனக்குப் பிடிக்கிறது. ஊறுகாய், சுடுசோறு போல அதை வினைத்தொகையாகக் கொண்டால் நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் பொருள் என்று மூன்று காலமும் அதில் அடங்கிவிடும். கருவியில் நடப்பதும் அதுதான். பேட்டரி வயரைக் கழற்றினால் பல பழைய செட்டுகளில் கடிகாரமும் சேமித்த ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகும். நிலைபொருள் அப்படியே இருக்கும்.

நிலைத்தது என்றால் மாற்றவே முடியாதது என்று கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் நிரல் பதிந்த சில்லை (சிப்) கழற்றிப் புற ஊதா ஒளியில் வைத்துத்தான் பழையதை அழிக்க முடிந்தது. தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃப்ளாஷ் நினைவகத்தை வெளியிட்ட பிறகு, சில்லு இருந்த இடத்திலேயே மின்சாரத்தால் அழித்து எழுதும் வழி பரவியது. ஆபத்தும் இங்கேதான். பல பழைய செட்டுகளில் முதலில் பழைய நிரல் அழியும், பிறகுதான் புதியது ஏறும். இடையில் மின்சாரம் நின்றால் இரண்டும் இல்லாமல் செட் எழுந்திருக்காது. பேட்டரி நன்றாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். முடியும்வரை சாவியைத் திருப்பாதீர்கள், பென் டிரைவை உருவாதீர்கள். ஒரே மாடல் காரிலும் செட் வேறாக இருக்கலாம் என்பதால், பாக எண்ணுக்குப் பொருந்தும் கோப்பு மட்டுமே ஆகும்.

நிலைபொருளை வரைபடத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 2023இல் திறந்த, 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள மதுரை நத்தம் சாலை பறக்கும் பாலம் பழைய வரைபடத்தில் இருக்காது. பாலத்தின் மேல் போகும் வண்டியையும் கீழே உள்ள தெருவுக்குத் திரும்பச் சொல்லும். இதற்கு வேண்டியது புது வரைபடத் தரவு. தேதி சுமார் 20 ஆண்டு பின்னால் காட்டினால் கதை வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வார எண்ணாக அனுப்பும். அந்த வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை, அதாவது சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை, பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. அதைப் புரிந்துகொள்ளாத செட்டுக்கு எத்தனை புது வரைபடம் போட்டாலும் தேதி சரியாகாது. நிலைபொருளைத்தான் மாற்ற வேண்டும்.

அப்டேட் என்பதற்குப் புதுப்பித்தல் என்கிறோம். ஓட்டுநர் உரிமத்துக்கு அது பொருந்தும். காலம் முடிந்த அதே உரிமம் நீள்கிறது. உள்ளடக்கமே மாறும் இடத்துக்கு இற்றைப்படுத்தல் என்பதே பொருத்தம். ‘இற்றை’ என்றால் இன்றைய. பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஆம் பாட்டில் ‘இற்றைத் திங்கள்’ என்று வருகிறது. அவர்களின் பறம்பு மலையாகச் சொல்லப்படும் பிரான்மலை, சிங்கம்புணரி பக்கம்தான் இருக்கிறது.

வெர்ஷன் என்பதற்குப் பதிப்பு என்ற சொல் போதும். செட்டின் அமைப்புப் பக்கத்தில் நிலைபொருளுக்கு ஒரு பதிப்பு எண்ணும் வரைபடத்துக்கு வேறொன்றும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும். கடைக்குப் போகுமுன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.