இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஒரு பந்து

கிரிக்கெட் வலைப்பயிற்சி நடக்கும் இடத்தில், பந்துவீச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறீர்களா? முக்காலியின் மேல் இரண்டு சக்கரங்கள் ஒரே சுருதியில் ரீங்காரமிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும். பயிற்சியாளர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி மட்டையாளருக்குக் காட்டுவார். அப்புறம் அதைக் குழாயில் விடுவார். உருண்டு போகும் பந்து சக்கரங்களைத் தொட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். அந்த நேரத்தில் பந்தைப் பார்க்க வேண்டாம், காதைக் கொடுத்துக் கேளுங்கள். ரீங்காரத்தின் சுருதி லேசாக இறங்கும். சில நொடிகளில் மறுபடி பழைய இடத்துக்கு ஏறிவிடும். இந்த இயந்திரத்தின் சூட்சுமம் அந்தச் சின்ன இறக்கத்தில்தான் இருக்கிறது.

அமைப்பைப் புரிந்துகொள்ளக் கரும்புச்சாறு வண்டியே போதும். எதிரெதிராகச் சுற்றும் உருளைகளுக்கு நடுவே கரும்பின் நுனியைக் காட்டினால், உருளைகளே அதை இழுத்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். பந்துவீச்சு இயந்திரமும் அதைத்தான் செய்கிறது, வேகம் மட்டும்தான் வேறு. சக்கரங்களுக்கு இடையே உள்ள இடைவெளி பந்தின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் பந்து நசுங்கியபடி உள்ளே போகிறது, சக்கரத்தின் ரப்பர் பரப்பு அதைக் கவ்வுகிறது, விளிம்பின் வேகம் பந்தின் வேகமாகிறது. பந்து ஈரமாக இருந்தால் பிடி வழுக்கும், சொன்ன வேகத்தில் வராது. மழைக்காலத்தில் பந்துகளைத் துடைத்துத் துடைத்துப் போடுவது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 140 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். சக்கரத்தின் விட்டம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், விளிம்புக்கு அந்த வேகம் வர அது நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுற்ற வேண்டும். சாதாரண மின்மோட்டாருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

வியப்பு அடுத்துதான் வருகிறது. சக்கரங்களின் பிடியில் பந்து நகரும் தூரம் 10 செ.மீ. அளவுதான் என்று வையுங்கள். அதற்குள் நின்ற நிலையிலிருந்து 140 கி.மீ. வேகத்துக்குப் போக வேண்டுமானால், கிடைக்கும் நேரம் நொடியில் 200-இல் ஒரு பங்கு. 160 கிராம் பந்துக்கு அந்த நேரத்துக்குள் 120 ஜூல் ஆற்றலைக் கொடுப்பதென்றால், சராசரியாக 24 கிலோவாட் திறன் வேண்டும். அதாவது 32 குதிரைத்திறன். பழைய மாருதி 800-இன் என்ஜின் முழு மூச்சில் ஓடும்போது கொடுக்கும் திறனுக்கு ஏறக்குறைய பக்கத்தில் வருகிறது! ஆனால் இந்த இயந்திரங்களில் பல, 12 வோல்ட் கார் பேட்டரி ஒன்றிலேயே மணிக்கணக்கில் ஓடுகின்றன. மின்இணைப்பு இல்லாத மைதானத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

எப்படி? பந்தை வீசுவது மோட்டார் இல்லை, சக்கரம். மோட்டார் பொறுமையாகச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அதில் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. சக்கரம் ஒவ்வொன்றும் 3 கிலோ எடை என்றால், அந்த வேகத்தில் இரண்டிலும் சேர்ந்து 2,200 ஜூலுக்கு மேல் இருக்கும். பந்து வந்து தொடும்போது அதிலிருந்து 240 ஜூல் போகிறது. பந்துக்கு 120 தானே, மீதி என்ன ஆயிற்று? பந்து வேகமெடுத்து முடிக்கும்வரை சக்கரத்தின் பரப்பு அதைவிட வேகமாக ஓடி அதன்மேல் வழுக்குகிறது. அந்த உராய்வில் பாதி ஆற்றல் சூடாகிவிடுகிறது. ஆக, சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு காலி. சுற்றும் வேகம் 5 சதவீதம் போலக் குறையும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்கு இறங்கினால் அதிர்வெண் 6 சதவீதம் குறைகிறது. நாம் கேட்ட சுருதி இறக்கம் ஏறக்குறைய அந்த அளவுதான். விட்டதை மோட்டார் சில நொடிகளில் மீட்டுவிடும். அவசரப்பட்டு அடுத்த பந்தைப் போட்டால் அது மெதுவாகப் போகும், அளவு தவறி முன்னாலேயே விழும்.

இந்தச் சேமிப்புத் தந்திரம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் பட்டறைகளில் ஓடும் பவர் பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். தகட்டை வெட்டும் அந்த ஓர் அடிக்கு வேண்டிய ஆற்றலை அந்தச் சக்கரம்தான் கொடுக்கிறது. அடுத்த அடிக்குள் சின்ன மோட்டார் அதை நிரப்பிவிடுகிறது. வீட்டுத் தையல் இயந்திரத்தில் கையால் தள்ளிவிடுகிறோமே, அந்தச் சக்கரமும் இதே குடும்பம்தான்.

பந்து வீச ஆளுக்குப் பதில் இயந்திரம் வைக்கும் ஆசை பழையது. இங்கிலாந்தில் நிக்கோலஸ் ஃபீலிக்ஸ் என்ற ஆட்டக்காரர் 1837-இல் பழங்காலப் போர்க்கருவியின் பாணியில் 'கேட்டபுல்டா' என்ற ஒன்றைச் செய்தார். அமெரிக்காவில் கணித ஆசிரியர் சார்லஸ் ஹிண்டன் 1897-இல் பேஸ்பால் பயிற்சிக்கு வெடிமருந்தால் பந்தைச் சுடும் துப்பாக்கியையே செய்துவிட்டார். பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட், 1920-களில் பந்து எறியும் இயந்திரம் ஒன்றைத் தானே வடிவமைத்துப் பயிற்சி எடுத்தார். சட்டையில் முதலை இருக்குமே, அந்த லாகோஸ்ட்தான். எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் ஜான் வென். பள்ளியில் கணங்களைப் படித்தபோது வட்டங்கள் போட்டு வென்படம் வரைந்தோமே, அந்த வென். கேம்பிரிட்ஜில் அவர் செய்த பந்துவீச்சு இயந்திரம், 1909-இல் அங்கே வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை நான்கு முறை போல்டாக்கியது.

சரி, சுழல் பந்துக்கு என்ன வழி? இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓட்ட வேண்டும். ஒன்றின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர், மற்றது 20 மீட்டர் என்றால், பந்து இரண்டின் சராசரியான 25 மீட்டரில், அதாவது மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கிளம்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுழற்சியாக மாறும், நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று. சக்கரங்கள் மேலும் கீழுமாக இருந்தால் பந்து வண்டிச் சக்கரம் போல உருளும். தலைப்பகுதியைச் சாய்த்து அவற்றை இடமும் வலமுமாக வைத்தால் பம்பரம் போலச் சுழலும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய குறை இருக்கிறது. பம்பரம் போலச் சுழலும் பந்து காற்றைத் தன்னோடு இழுத்து ஒரு பக்கமாகத் தள்ளுவதால், பறக்கும்போது வளையும். தரையில் பட்ட பிறகு அதிகம் திரும்பாது, ஏனென்றால் தரையைத் தொடும் அடிப்புள்ளி பக்கவாட்டில் நகர்வதில்லை. தரையில் பட்டுத் திரும்ப வேண்டுமானால், பந்து தான் போகும் திசையையே அச்சாக வைத்து, ட்ரில் போல ஓரளவாவது சுழல வேண்டும். முரளிதரனின் மணிக்கட்டும் அஸ்வினின் விரல்களும் கொடுத்தது இந்தச் சுழற்சியைத்தான். பந்து போகும் திசையிலேயே ஓடும் இரண்டு சக்கரங்களால் அதைக் கொடுக்க முடியாது. எனவே சுழலுக்கென்றே தனியாக 'மெர்லின்' என்ற இயந்திரம் பிறந்தது. 2005-இல் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய ஆஷஸ் தொடரில், அந்த அணியின் சுழல் பந்துவீச்சாளர் ஷேன் வார்னைச் சமாளிக்க இங்கிலாந்து மட்டையாளர்கள் அதை வைத்துப் பழகினார்கள். தொடரை 2-1 என்று வென்றார்கள், ஆனாலும் வார்ன் 40 விக்கெட் எடுத்தார்.

வேகப்பந்து காற்றில் பக்கவாட்டில் வளைவதை ஸ்விங் என்பார்கள். அதுவும் இப்படித்தான். நிஜப் பந்தின் தையல் ஒரு பக்கக் காற்றோட்டத்தைக் கலைப்பதால் அது ஸ்விங் ஆகிறது. இயந்திரப் பந்தில் எழும்பிய தையலே கிடையாது, கோல்ஃப் பந்து போலக் குழி குழியாக இருக்கும். தோல் பந்தைப் போட்டால் தையல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணத்தில் சக்கரத்தில் மாட்டும், பந்து கண்டபடி போகும். ஆக, இயந்திரத்தின் 'ஸ்விங்' சுழற்சியால் வரும் வளைவுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, இயந்திரத்துக்குக் கை இல்லை என்பது. 140 கி.மீ. பந்து மட்டையாளரை எட்ட அரை நொடிகூட ஆவதில்லை. அவ்வளவு குறைந்த நேரத்தில் பந்தைப் பார்த்த பிறகுதான் முடிவெடுப்பது என்றால் நடக்காது. ஓட்டம், தோள், மணிக்கட்டு எல்லாவற்றிலிருந்தும் முன்கூட்டியே சேதி சேகரித்துத்தான் நல்ல மட்டையாளர் தயாராகிறார். குழாய் எந்தச் சேதியும் தராது. அதனால் இயந்திரத்தை ஆடும்போது மட்டையாளரின் கால் அசைவும் நேரக் கணிப்பும் மாறிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைச் சரிசெய்யத் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரும் காட்சியைப் போட்டு, அவர் கை சுழலும் இடத்தில் உள்ள துளை வழியாகப் பந்தை அனுப்பும் இயந்திரங்களும் வந்துவிட்டன. விலை அதிகம், எல்லா மைதானத்துக்கும் வராது.

அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் கோல் பிடித்துக்கொண்டது. சைட்ஆர்ம் என்பார்கள். நாய்க்குப் பந்து எறியும் கோலின் வழிவந்தது. நுனியில் பந்து உட்காரும் கிண்ணம், கீழே கைப்பிடி, அவ்வளவுதான். தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவணின் தத்துவம்தான் இதிலும். கை எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம். 70 செ.மீ. கையோடு 45 செ.மீ. கோலைச் சேர்த்து அதே சுழல்வேகத்தில் வீசினால் நுனியின் வேகம் 1.6 மடங்காகும். நீண்ட கோலை அதே வேகத்தில் சுழற்றுவது கடினம், எனவே கிடைப்பது அதைவிடக் குறைவுதான். அதுவே தாராளம். பந்தை விடும் கணத்தில் மணிக்கட்டை வெட்டிவிடப் பழகியவர் 140 கி.மீ.க்கு மேலேயே எறிந்துவிடுகிறார். நிஜத் தோல் பந்து, நிஜத் தையல், எறிபவரின் தோளும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்திய அணிக்கு இந்த வேலையைச் செய்யும் ராகவேந்திராவை விராட் கோலி வெளிப்படையாகவே பாராட்டியிருக்கிறார். இடது கை வேகப்பந்துக்குப் பழக இலங்கையைச் சேர்ந்த நுவன் செனவிரத்னவையும் அணி கூடவே அழைத்துப் போனது. ஆட்டத்துக்கு முன்னால் டிவியில் பயிற்சியைக் காட்டும்போது, ஆடுகளத்தின் பாதி தூரத்தில் கோலோடு நின்று திரும்பத் திரும்ப எறிந்துகொண்டிருக்கும் ஆளைக் கவனியுங்கள்.