புராஸ்டேட் அழற்சி: ‘வீக்கம்’ என்பது ஏன் பொருந்தாது

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புராஸ்டேட்டைட்டிஸ் என்னும் நோயைப் ‘புராஸ்டேட் வீக்கம்’ என்று எழுதுவது மருத்துவக் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. இது சொற்சுவை பற்றிய குறை அன்று. நோயாளியைத் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்லும் பிழை.

புராஸ்டேட் என்பது ‘முன்னே நிற்பவர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ‘முன்னிற்கும் சுரப்பி’ என்பது அதன் நேர்த் தமிழாக்கம். ‘ஐட்டிஸ்’ என்னும் ஈறு அழற்சியைக் குறிக்கும். அழல் என்றால் தீ. அழற்சிக்கு ஈடான லத்தீன் சொல்லும் தீயைக் குறிக்கும் வேரிலிருந்தே பிறந்தது.

ரோமானிய அறிஞர் செல்சஸ் அழற்சிக்குச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என நான்கு குறிகள் சொன்னார். நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து நோய் முழுமைக்கும் பெயராக்குவது எப்படித் தகும்? அதைவிடப் பெரிய இடர், வயது ஏற ஏற அச்சுரப்பி பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும் வேறொரு நிலையையும் மக்கள் ‘புராஸ்டேட் வீக்கம்’ என்றே சொல்கிறார்கள் என்பது. குளிர்காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே வலி ஆகியவற்றால் தவிக்கும் 35 வயதுக்காரர் அப்பெயரைப் படித்தால், முதியோர் நோய் என்று ஒதுக்கிவிடுவார். அவருக்கோ உடனடியாகச் சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையும், வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தேவை. அந்தக் கடும் நிலையில் சுரப்பியை அழுத்திப் பிசைவதைக்கூட மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிடக் கூடும். வயதால் பருத்த சுரப்பிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாகாது.

‘அழற்சி பொதுமக்களுக்குப் புரியாது’ என்பார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். கல்லீரல் அழற்சியும் மூட்டழற்சியும் புரிகிற வாசகருக்கு இது மட்டும் புரியாதா? அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிடும் சோம்பலே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிலர் ‘புராஸ்டேட் தொற்று’ என்கிறார்கள். அதுவும் பாதி உண்மைதான். மருத்துவர்கள் இந்நோயை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: கிருமியால் வரும் கடும் அழற்சி, கிருமியால் வரும் நாட்பட்ட அழற்சி, நாட்பட்ட இடுப்புவலி, அறிகுறியற்ற அழற்சி. மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் வகையில் சோதனையில் கிருமி சிக்குவதில்லை. சிறுநீர்ப் பாதைத் தசையைத் தளர்த்தும் மருந்து, வலி மருந்து, இடுப்புத் தசைப் பயிற்சி என்று சிகிச்சை வேறு வழியில் செல்கிறது. நான்காம் வகையிலோ நோயாளிக்கு வலியும் காய்ச்சலும் இல்லை. வேறு காரணத்துக்காகச் சோதிக்கும்போதுதான் அது தெரியவருகிறது. அதையும் பிழையின்றிக் குறிக்கும் சொல் அழற்சி ஒன்றே.