உங்கள் போனை அரசு எப்போது ஒட்டுக்கேட்கலாம்?

பேசும்போது லைனில் கரகரவென்று சத்தம் வந்தால் போதும், "நம்ம போனை டேப் பண்றாங்களோ?" என்று சிலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒட்டுக்கேட்பது சேவை நிறுவனத்தின் பக்கம் நடக்கும் வேலை. நம் கையில் இருக்கும் போனில் அதற்கு அடையாளமே இருக்காது. கேட்க வேண்டியது வேறு: உத்தரவு போடுவது யார், எத்தனை நாளுக்கு, அதைச் சரிபார்ப்பது யார்?

முன்பு இதற்கு 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்தான் இருந்தது. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவும், அதன்கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இருக்கின்றன. சட்டம் புதிது என்றாலும் சரக்கு பெரும்பாலும் பழையதுதான். ஒட்டுக்கேட்க இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்காகத் தேவைப்பட வேண்டும். அதைத் தாண்டிய பிறகு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத் தூண்டுதலைத் தடுப்பது ஆகியவற்றில் ஒரு காரணமாவது பொருந்த வேண்டும். முதல் வாசலைத் தாண்டாமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது என்று பியூசிஎல் என்ற குடியுரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகு அந்த வாசல் இன்னும் குறுகியிருக்க வேண்டும்.

குறுகியதா? சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2-ஆம் தேதி தந்த தீர்ப்பைப் பாருங்கள். 50 லட்ச ரூபாய் லஞ்ச வழக்கு ஒன்றில், போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருந்தது. லஞ்சம் குற்றம்தான், ஆனால் அதைத் துப்பறிவது பொது அவசரநிலை ஆகாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். ஒட்டுக்கேட்டதை, உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதும் அரசுக்கு எதிராகப் போனது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஆறு நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில், பெரிய ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும் என்று சொல்லி ஒட்டுக்கேட்டதை ஏற்றுக்கொண்டது.

சரி, நடைமுறைக்கு வருவோம். மத்திய உள்துறைச் செயலாளரோ மாநில உள்துறைச் செயலாளரோதான் உத்தரவு போட வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத, முறைப்படி அதிகாரம் பெற்ற அதிகாரி போடலாம். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டிக்கலாம், ஆனால் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரம் என்றால் புலனாய்வு அமைப்பின் தலைமையே முதலில் தொடங்கிவிடலாம். மாநிலத்தில் ஐ.ஜி. நிலைக்குக் கீழே இருப்பவருக்கு இந்த அதிகாரம் இல்லை. அப்படித் தொடங்கினால் 3 வேலை நாளுக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். 7 வேலை நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் நிறுத்த வேண்டும். அதுவரை கேட்டதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூடக் காட்டக் கூடாது.

எந்த உத்தரவானாலும் 7 வேலை நாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்கு நகல் போக வேண்டும். மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும், மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் அதன் தலைவர்கள். கூட இருக்கும் இருவரும் செயலாளர்களே. நீதிபதி ஒருவர்கூடக் கிடையாது. செயலாளர் போட்ட உத்தரவைச் செயலாளர்களே பார்க்கிறார்கள். அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடினால் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதியது. 8 மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு 2 நொடிகூடக் கிடைக்காது. பெயரைப் படித்து முடிக்கவே போதாது.

மின்னஞ்சல், கணினித் தரவு என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவும் இருக்கிறது. அதில் பொது அவசரநிலை என்ற முதல் வாசலே இல்லை; எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் பயன்படுத்தலாம். இன்று நம் பேச்சில் பாதி இணையம் வழியாகப் போகும்போது, இந்த ஓட்டை எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

ஒட்டுக்கேட்டார்கள் என்பதை, முடிந்த பிறகுகூட உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பெரும்பாலும் குற்றப்பத்திரிகையோடு ஒலிப்பதிவு வந்து சேரும்போதுதான் தெரியவரும். அப்போது வழக்கறிஞரிடம் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டது யார், பதிவான ஒவ்வொரு அழைப்பும் அந்த 60 நாளுக்குள் வருகிறதா, அவசரநிலை என்னவென்று காரணம் எழுதியிருக்கிறதா, மறுஆய்வுக் குழுவுக்கு எந்தத் தேதியில் போனது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். முறைகேடாகக் கிடைத்த சாட்சியமும் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1972 மல்கானி தீர்ப்பை அரசுத் தரப்பு எடுத்து வைக்கும். அதற்கு அந்தரங்க உரிமைத் தீர்ப்பைத்தான் பதிலாக வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், உத்தரவே இல்லாமல் ஒட்டுக்கேட்பது யாராக இருந்தாலும் குற்றம். துப்பறியும் ஏஜென்சியானாலும் சரி, சந்தேகப்படும் உறவினரானாலும் சரி, 3 ஆண்டு வரை சிறையோ 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.