ராத்திரி வயலில் தெர்மல் கேமரா எதைப் பார்க்கிறது?

மதுரை மாவட்டத்தில் பேரையூர், சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரண் கட்டி, டார்ச் அடித்து, தகரம் தட்டி, வெடி போட்டுக் காவல் காத்தவர்களில் சிலர் இப்போது தெர்மல் மோனோகுலர் (சூட்டைப் படமாகக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) வாங்கலாமா என்று விசாரிக்கிறார்கள். விலை லட்சத்தையும் தாண்டக்கூடிய சாமான். அதனால் அது எப்படி வேலை செய்கிறது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அந்த எண்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றியை ராத்திரியில் தெர்மல் ஸ்கோப் வைத்துச் சுடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட காரியம். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தனியார் யாரும் அதைச் செய்ய முடியாது. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைப்பதும் வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றம்தான். அவற்றில் மனிதர்களும் சாகிறார்கள். நமக்கு இந்தக் கருவி பார்க்க, விரட்ட, வனத்துறைக்குத் தகவல் சொல்ல. நோக்கம் மாறினாலும் இயற்பியல் மாறாது. ஆனால் எந்த எண்ணுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது மாறிவிடுகிறது.

சூடு உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருட்டாக இருந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார்; அங்கேயும் பாதரசம் ஏறியது. நம் உடம்புச் சூட்டில் இருக்கும் பொருள் அதிகமாக வீசுவது 9 முதல் 10 மைக்ரான் வரையான அலைநீளத்தில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 8 முதல் 14 மைக்ரான் வரை காற்று பெரிதாக மறிப்பதில்லை என்பது நமக்கு அதிர்ஷ்டம். தெர்மல் கேமரா பார்ப்பது இந்தக் கதிரைத்தான். நிலா வெளிச்சமோ விளக்கோ அதற்குத் தேவையில்லை.

சாதாரணக் கண்ணாடி இந்த அலைகளை உள்ளே விடாது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்து பார்த்தால் கண்ணாடியின் சூடுதான் தெரியும், வெளியே நிற்கும் ஆள் தெரியமாட்டார். அதனால் லென்ஸைப் பெரும்பாலும் ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் உலோகம் போல மினுங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஊடுருவாது. அதன் ஒளிவிலகல் எண் (கதிரை வளைக்கும் அளவு) 4; அது கூடக் கூடப் பிரதிபலிப்பும் கூடும். பூச்சு இல்லாவிட்டால் ஒரு பக்கத்திலேயே 36 சதவீதக் கதிர் திரும்பிப் போய்விடும். கருவியின் விலையில் கணிசமான பங்கு இந்த லென்ஸுக்கும் பூச்சுக்கும் போகிறது. மண் ஒட்டியிருக்கும்போது வேட்டி முனையால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதித் தூசியைப் போக்க வேண்டும்.

லென்ஸுக்குப் பின்னால் இருப்பது மைக்ரோபோலோமீட்டர் என்னும் சென்சார். இதன் ஒரு பிக்சலைக் கிட்டத்தில் பார்ப்போம். வனேடியம் ஆக்சைடு பூசிய 12 மைக்ரான் அகலப் பலகை ஒன்று, இரண்டு மெல்லிய கால்களில், சிலிக்கான் தரைக்கு இரண்டு மூன்று மைக்ரான் உயரத்தில், கட்டில் போல நிற்கிறது. சுற்றிலும் வெற்றிடம், காற்று இருந்தால் வந்த சூட்டை அதுவே கொண்டுபோய்விடும். கால்கள் மெலிந்திருப்பதும் அதற்காகத்தான். கதிர் விழுந்ததும் பலகை துளி சூடாகிறது, அதன் மின்தடை மாறுகிறது, அடியில் உள்ள சர்க்யூட் அதை அளக்கிறது. எதிரே உள்ள பொருளின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பலகையின் சூடு அதில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஏறும். ஒரு டிகிரிக்கு மின்தடை மாறுவதே சுமார் 2 சதவீதம். அப்படியானால் எவ்வளவு நுண்ணிய மாற்றத்தை இது பிடிக்கிறது என்று பாருங்கள்! லட்சக்கணக்கான பலகைகளில் ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 25 தடவையோ 50 தடவையோ இது நடக்கிறது. முன்பு இந்த வகைக் கேமராக்களின் சென்சாரைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் ராணுவத்துக்காக உருவாக்கிய, குளிர்விக்கத் தேவையில்லாத இந்த மைக்ரோபோலோமீட்டர் நுட்பம் 1992-இல் வெளியே வந்ததால்தான் இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி கிடைக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். முதலில் உணர்திறன். எத்தனை மில்லிகெல்வின் (ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தால் படத்தின் இரைச்சலிலிருந்து பிரிந்து தெரியும் என்பதுதான் அது. 50 என்றால் சுமார், 35 நன்று, 25-க்குக் கீழே போனால் மிக நன்று. இதைப் பொதுவாக எஃப் 1.0 லென்ஸ் வைத்து அளப்பார்கள். எஃப் எண் கூடினால் லென்ஸ் உள்ளே விடும் கதிர் குறையும். கருவியில் எஃப் 1.2 லென்ஸ் இருந்தால் சென்சாருக்கு வரும் கதிர் 1.44 மடங்கு குறையும். 25 என்று எழுதிய சென்சார் 36 போலத்தான் நடந்துகொள்ளும். எஃப் எண்ணைக் கேட்காமல் மில்லிகெல்வினை மட்டும் ஒப்பிடுவது வீண்.

மதுரைக்கு இந்த எண் மற்ற எதையும்விட முக்கியம் என்பது என் கருத்து. குளிர்நாட்டில் பனி மூடிய நிலத்தில் நிற்கும் பன்றி எந்தக் கேமராவிலும் பளிச்சென்று தெரியும். இங்கே சித்திரை, வைகாசியில் பகல் 40 டிகிரியைத் தொடும். இருட்டிய பிறகும் மண் ஆறாது. பன்றியின் முரட்டு மயிர் உள்ளே இருக்கும் சூட்டை மறைத்துவிடுவதால் அதன் மேற்பரப்பு சுற்றியிருக்கும் காற்றை ஒட்டியே இருக்கும். சேற்றில் புரண்டு வந்திருந்தால் ஈரம் உலரும்போது இன்னும் குளிரும். மண்ணும் பன்றியும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும் நேரங்கள் உண்டு. அப்போது கண், காதின் உட்புறம், கால் இடுக்கு மட்டும் புள்ளிகளாகத் தெரியும். உடம்பு பின்னணியோடு கரைந்துவிடும். 50 மில்லிகெல்வின் கருவிக்கும் 25 மில்லிகெல்வின் கருவிக்கும் உள்ள வித்தியாசம் அந்த நேரத்தில்தான் வெளிப்படும்.

பாறை இன்னொரு சிக்கல். நாகமலை, யானைமலை, அரிட்டாபட்டி என்று நம் பக்கம் எங்கே திரும்பினாலும் பாறை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது ராத்திரியில் மெல்ல மெல்லத்தான் விடும். இலை சீக்கிரம் ஆறிவிடும், பாறை ஆறாது. அதனால் முன்னிரவில் வயலோரத்து உருண்டைப் பாறை ஒவ்வொன்றும் படுத்திருக்கும் விலங்கு போலவே திரையில் வெள்ளையாகத் தெரியும். அசைகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. கண்மாய்த் தண்ணீரும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். விடியற்காலையில் கரையில் நின்று கிட்டத்துத் தண்ணீரைப் பார்த்தால் கரையைவிட வெளுப்பாக இருக்கும். புதுத் தகரக் கூரையோ குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கறுப்பாகக் கிடக்கும். பின்னணி நன்றாக ஆறியிருக்கும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் இங்கே தெர்மலுக்கு நல்ல நேரம். ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் கதிரை விழுங்குவதால் தூரம் குறைந்துவிடும். இன்னொன்று, இலைக்குப் பின்னால் இருப்பதைத் தெர்மல் காட்டாது. ஆளுயர மக்காச்சோளத்துக்குள் புகுந்துவிட்ட பன்றியை எந்த விலைக் கருவியாலும் பார்க்க முடியாது. வரப்பு, ஓடை, வேலி இடைவெளி என்று அது வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 256, 384, 640 என்ற பிக்சல் எண், அதாவது படத்தின் அகலத்தில் எத்தனை பிக்சல் என்பது. இங்கேதான் பலரும் பணத்தை விடுகிறார்கள். ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்பதைப் பிக்சலின் அகலமும் லென்ஸின் குவியத்தூரமும்தான் தீர்மானிக்கின்றன. 12 மைக்ரான் பிக்சலை 25 மில்லிமீட்டர் குவியத்தூரத்தால் வகுத்தால், 100 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 4.8 சென்டிமீட்டர் வரும். அதே லென்ஸும் அதே பிக்சல் அளவும் இருந்தால் 256-க்கும் இதுதான், 640-க்கும் இதுதான். மாறுவது பார்வையின் அகலம்: 100 மீட்டரில் முறையே 12, 18, 31 மீட்டர். பழைய 17 மைக்ரான் சென்சாருக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டாலும் கிட்டத்தட்ட இதே 4.8 வரும். டிஜிட்டல் ஜூம் இருக்கிற பிக்சலைப் பெரிதாக்குமே தவிர புது விவரம் எதையும் சேர்க்காது.

சரி, எத்தனை பிக்சல் இருந்தால் என்ன தெரியும்? அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் 1958-இல் முன்வைத்த அளவுகோல்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உருவத்தின் சிறிய பக்கத்தில் 2 பிக்சல் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும். 8 பிக்சல் விழுந்தால் அது மனிதனா விலங்கா என்று பிரிக்கலாம். 13 பிக்சல் இருந்தால் என்ன விலங்கு என்றே சொல்லலாம். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். 75 சென்டிமீட்டர் உயரப் பன்றியை மேலே சொன்ன 25 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால், ஏதோ இருக்கிறது என்பது 780 மீட்டர் வரை தெரியும், விலங்குதான் என்பது 195 மீட்டர் வரை, பன்றிதான் என்பது 120 மீட்டர் வரை. பெட்டியில் 1200 மீட்டர் என்று போட்டிருப்பது நிற்கும் மனிதனுக்கு முதல் வகைக் கணக்கு.

முந்நூறு மீட்டரில் பன்றி 5 பிக்சல். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்ததென்று மோட்டார் போட்டு, வரப்பில் குனிந்து தண்ணீர் திருப்புகிறவரும் அதே 5 பிக்சல்தான். திரையில் இருப்பது ஒரு வெள்ளைப் புள்ளி. அதை நம்பி வெடியை எறிவதோ நாயை ஏவுவதோ கூடாது. கருவி காட்டாத விவரத்தை நம் மனம் இட்டு நிரப்பிவிடும் என்பதுதான் எனக்குள்ள பெரிய பயம்.

மூன்று ஏக்கர் சதுரமான நிலம் என்றால் மூலைக்கு மூலை சுமார் 155 மீட்டர். 384 சென்சாரும் 19 மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தால் அந்தத் தூரத்தில் பன்றியின் மேல் கிட்டத்தட்ட 8 பிக்சல் விழும். 100 மீட்டரில் 24 மீட்டர் அகலமும் கிடைக்கும். காவலுக்கு இது போதும். 256 வாங்கினால் கருவியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 640-க்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் தூரம் கிடைக்கும், ஆனால் அகலம் 15 மீட்டராகச் சுருங்கிவிடும். மலைச்சரிவைப் பார்க்கும் வனத்துறைக்கு அது பொருந்தலாம். வினாடிக்கு 9 படம் மட்டும் தரும் கருவிகளில் ஓடும் விலங்கு தாவித் தாவித் தெரியும்; 25 இருந்தால் நல்லது. நடுநடுவே டிக் என்று சத்தம் கேட்டுப் படம் நொடி நின்றால் பயப்பட வேண்டாம். ஷட்டரை மூடிப் பிக்சல்களைச் சமன் செய்துகொள்கிறது.

இதைவிட மிகக் குறைந்த விலையில் டிஜிட்டல் நைட் விஷன் கிடைக்கிறது. அது சூட்டைப் பார்ப்பதில்லை. 850 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கை அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கிறது. 850 விளக்கில் மங்கலான சிவப்பு தெரியும், 940-இல் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. சூடான பாறை அதை ஏமாற்றாது. கண் மினுங்குவதும், கொம்பும், ஆளின் துண்டும் தெரியும். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெர்மல், என்ன என்று உறுதி செய்ய இது. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டும் வாங்க முடியுமானால், நடுத்தரத் தெர்மல் ஒன்றும் சாதாரண நைட் விஷன் ஒன்றுமாக வாங்குவதையே நான் சொல்வேன். கடையில் ஏசி அறைக்குள் சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு வெளியே கொண்டுபோய், பாறையும் மாடும் ஒரே படத்தில் வரும்படி வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.