மேட்டூர் மதகும் தலைவரம்மாவின் இரத்த அழுத்தமும்

மன்னார்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு, ஊராட்சித் தலைவர் யாராவது இரத்த அழுத்தம் கூடி வந்தால் அவர் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பதையும் சேர்த்து விசாரிக்கும் பழக்கம் உண்டு. 2023 செப்டம்பரில் வந்த ஒரு தலைவரம்மாவுக்கு (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) அழுத்தம் 170/104. மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறக்கப்பட்டும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "விடியும்போதே வாசல்ல ஆளு நிக்குது டாக்டர், மாத்திரை எங்க ஞாபகம் வரும்?" என்றார்.

வாசலில் நிற்பவர்கள் கேட்பவற்றுள் தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சியின் பொறுப்பு. மதகு நீர்வளத்துறையிடம் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பு ஒன்றிய அரசு வகுத்தது. காவிரி நீரோ, உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பளித்த பின்னும் பற்றாக்குறை ஆண்டுகளில் தகராறாகவே இருப்பது. மதகும் ஈரப்பத வரம்பும் காவிரி நீரும் அவர் கையில் இல்லையென்றாலும், ஊராருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அரசாங்கம் அவர் ஒருவர்தான். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. அப்போதும் மக்கள் முன்னாள் தலைவர்களின் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

ஆனால் பழி முழுவதும் ஊராருடையதல்ல. நடக்காது என்று தெரிந்தும் "சொல்லிட்டேன், வந்துடும்" என்று சொல்லியனுப்பிவிட்டு, அந்த வார்த்தையை நினைத்து இரவெல்லாம் புரண்டு படுக்கும் தலைவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலைப்பளுவைவிட இதுவே அவர்களை அதிகம் அரிக்கிறது என்பது என் அனுபவம். பெண் தலைவர் என்றால் இன்னொரு சுமையும் சேரும்: ஊரார் யோசனை கேட்பது கணவரிடம், ஏச்சு விழுவது இவர் மேல்.

அவருக்கு மாத்திரையை மாற்றவில்லை. வாசற்கதவைத் திறக்கும் முன்பே அதைப் போட்டுக்கொள்ளவும், இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியை மகனிடம் கொடுத்துவிடவும், தம் அதிகாரத்தில் இல்லாததை "இல்லை" என்று சொல்லி உரிய துறைக்கு மனு எழுதித் தரவும் சொன்னேன். நெஞ்சு இறுகினாலோ, ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்றும், மனம் தாங்காதபோது 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து 142/90. எந்தக் குறைக்கு எந்த அலுவலகம் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தாராம். "தலைவரம்மா தட்டிக் கழிக்கிறாங்க" என்று ஊரில் பேச்சு வந்ததாகச் சொல்லிவிட்டு, அடுத்த மாத மாத்திரைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.